தடைக்காலக் கணக்கு

விசைப்படகுக்குத் தடை விழுகிற மாதமும்
பிள்ளைகளுக்கு லீவு விடுகிற மாதமும்
எங்கள் பாம்பனில் ஒரே மாதம்.
நேரம் நிறையக் கிடக்கும், காசு கிடக்காது.
அந்த மாதம் பார்த்துத்தான் ஜெனோபியா
உச்சிப்புளி தாண்டித் திறந்திருக்கிற
தண்ணீர்ப் பூங்காவுக்குப் போகணும் என்றாள்.

நாள்காட்டித் தாளொன்றைக் கிழித்துப்
பின்பக்கம் கோடு போட்டேன்.
டிக்கெட்டில் பேரம் பேச வழியில்லை,
பஸ்ஸில் அதுவும் இல்லை.
பேச முடிவது வயிற்றிடம்தான்.

காலைக்கு வீட்டு மாவு, இட்லி முப்பது;
அதை எழுதவில்லை.
வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்று
போனில் கேட்டபோதே சொல்லிவிட்டார்கள்.

நான் நண்டுக் கம்பெனியில் சதை எடுக்கிறவள்.
கிலோவுக்கு எழுபது.
நாட்டுப்படகு நண்டு வருகிற அன்றைக்கு வேலை,
வராத அன்றைக்கு இல்லை.
அதனால் எந்த விலையும் எனக்கு
ரூபாயாகக் காதில் விழாது.
சாப்பாடு நூற்றுத்தொண்ணூறு என்றால்
இரண்டே முக்கால் கிலோ,
விரல் நுனி வெளுத்து ஊறிப்போகும் ஒரு பகல்.

ஆறு பேருக்கு நாலு சாப்பாடு, எழுநூற்று அறுபது.
பிள்ளைகள் மூன்றுக்கும் ஐஸ், நூற்றிருபது.
வெளியே வந்து வடை, டீ, நூற்றிருபது.
கூட்டினால் ஆயிரம்.
அவருடைய தங்கை சகாயசீலி எட்டிப் பார்த்து
"மதினி, ஆடிட்டர் கெட்டான்" என்றாள்.

தண்ணீரை மறந்திருந்தேன்.
நாலு பக்கமும் கடல் கிடக்கிற தீவில் குடியிருந்துகொண்டு
தண்ணீரை மறந்திருந்தேன்.
வாசலிலேயே பாட்டில்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
உள்ளே ஒன்று நாற்பது.
பதினோரு மணிக்குள் இரண்டு.

ஒரு குளத்தில் விசில் ஊதி அலை விட்டார்கள்,
பத்து நிமிடத்துக்கு ஒரு தரம்.
பதினாறு வயசிலிருந்து அலையோடு மல்லுக்கட்டுகிற மனுஷன்
இடுப்பளவு நீலத் தண்ணீரில்
அடுத்த விசிலுக்குக் காத்து நின்றார்.
"உப்பே இல்ல பிள்ள!"
அங்கிருந்து கத்தினார்,
ஏதோ கண்டுபிடித்தவர் மாதிரி.

சாப்பாட்டுக் கூடத்தில் விலைப்பலகை.
நண்டு மசாலா நானூற்று எண்பது.
தட்டில் சதை நூறு கிராம் இருக்கும்.
அதில் என் கூலி ஏழு ரூபாய்.
மிச்சம் நானூற்று எழுபத்து மூன்றுக்கு
யார் யார் என்ன செய்தார்கள் என்று
டை கட்டி நிற்கிற பையனிடம் கேட்கலாம்.
பாவம், அவன் சம்பளம் எவ்வளவோ.
"நாலு சாப்பாடு, ரெண்டு தட்டு கூட" என்றேன்.

அவருக்குப் பசியில்லையாம்.
காலை இட்லியே நெஞ்சில் நிற்கிறதாம்.
நாலு இட்லி. எண்ணித்தானே வைத்தேன்.
"ஆறு பேருன்னு எழுதியிருக்கேன்,
நீங்க திங்கலேன்னா கூட்டல் தப்பாப் போகும், உக்காருங்க."
உட்கார்ந்தார்.
சோற்றைப் பிசையும்போது என்னைப் பார்க்கவில்லை.
அப்பளத்தை மட்டும் டெரன்ஸ் பக்கம் தள்ளினார்.
அது போகட்டும் என்று விட்டேன்.

மூன்று மணிக்கு உயரச் சறுக்கில் ஏறி இறங்கிய டெரன்ஸ்
சுவரோரம் குனிந்தான்.
இரண்டே முக்கால் கிலோவும்
அப்பளத்தோடு வெளியே வந்தது.
முதுகைத் தடவிக்கொண்டிருந்த என் கை
தடவிக்கொண்டேதான் இருந்தது,
மனசு மட்டும் கழித்துக்கொண்டிருந்தது.
வாய் கழுவியதும் அவன் கேட்டான்:
"ஐஸ் உண்டுல்லம்மா?"
உண்டு. எழுதியாகிவிட்டது.

பஸ் நிறுத்தத்து வடைக்கடைக்கு வரும்போது
கையில் நாற்பது ரூபாய்.
வடை பத்து. டீயை அடித்துவிட்டேன்.
நாலு வடையை ஆறாகப் பிய்க்க
எந்த வடையிலிருந்து தொடங்கலாம் என்று பார்க்கையில்
அவர் டவுசர் பைக்குள் விரலை விட்டு
ஐம்பது ரூபாய்த் தாளொன்றை எடுத்தார்.
நாலாக மடித்தது,
குளத்துத் தண்ணீர் சொட்டுகிறது.
கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு
அடுப்போரத் தகர மூடிமேல் விரித்துப் போட்டார்.
ஓரம் மெல்லச் சுருண்டது.

"இது எந்தக் கணக்கு?" என்றேன்.

"சூடா இருக்கு, ஊதித் தின்னு" என்றார்.